மிக்ஸி ஓடாத காலைகள்

சம்யுக்தாவின் பெயர் திரையில் முதலாவதாக வந்தபோது பிரணவ் கைதட்டினான். அரங்கில் எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு நொடி கூடுதலாகத் தட்டினான். வயிறு எரிகிறவன் அப்படித்தான் தட்டுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டீபனுக்கு அது புரிந்துவிட்டது.

"கை வலிக்கப் போகுது சார்," என்றான் ஸ்டீபன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவதாக இருந்தது பிரணவின் பெயர். அந்த அரங்கில் இரண்டாவதும் கடைசியும் ஒன்றுதான். நெடுநாள் நல்வாழ்வு நிதியம் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் பணம் கொடுக்கும். அதையும் ஒரே ஓர் ஆராய்ச்சிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும். பிரணவ் கொண்டுபோனது நெல்லிக்காய் அளவில் ஓர் இதயப் பம்பு. ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற ஆண்களை எழுப்பி நடக்க வைக்கிற பம்பு. பன்னிரண்டு வருட உழைப்பு. இந்தப் பணம் வராவிட்டால் அது அலமாரியில் அப்படியே இருந்து தூசி படிய வேண்டியதுதான்.

சம்யுக்தா கொண்டுவந்தது தலைவலி.

பெண்களை வாலிபத்தில் பிடித்து, முடி நரைக்கும்வரை விடாமல் ஆட்டி வைக்கும் ஒற்றைத் தலைவலி. அதன் வேரைக் கண்டுபிடித்து மருந்து செய்கிற திட்டம். அவள் ஆராய்ச்சியில் போடும் ஒரு ரூபாய், நாற்பது வருடத்தில் தமிழ்நாட்டுக்குப் பதினோரு ரூபாயாகத் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தது நிழலூர். பிரணவின் ரூபாய் மூன்றாகத்தான் திரும்புமாம்.

நிழலூர் என்பது ஊரல்ல, கோயமுத்தூர் அவிநாசி சாலையில் மூன்று மாடிக் கட்டடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கணினி. தமிழ்நாட்டில் எத்தனை குடும்ப அட்டைகள் உண்டோ, அதற்குள் அத்தனை நிழல் குடும்பங்கள். பஸ் அட்டை, பள்ளி மதிப்பெண், ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சார மீட்டர் என்று மனிதர்கள் விட்டுச் செல்லும் தடயங்களை வைத்தே அந்த நிழல்கள் உருவாகியிருந்தன. அவை எழுந்தன, பஸ் ஏறின, நோயில் விழுந்தன, செத்தன. ஒரு புது மருந்தை அங்கே கொடுத்துவிட்டு நாற்பது வருடத்தை ஒரு மத்தியானத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அந்த மருந்தால் நாடு என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன்தான் ஸ்டீபன்.

கேன்டீனில் பேச்சு அதற்குள் பரவியிருந்தது. இதயத்தைத் தலைவலி ஜெயித்துவிட்டது என்று யாரோ சொல்ல, இனிமேல் நெஞ்சுவலி வந்தால் தைலம் தடவிக்கொள்ள வேண்டியதுதான் என்று இன்னொருவர் சேர்த்தார். பிரணவும் சேர்ந்து சிரித்தான். அப்போதுதான் சம்யுக்தா மைசூர்பா பெட்டியோடு நேராக அவன் மேசைக்கு வந்தாள். முப்பத்து நான்கு வயது. காலில் எப்போதும் அதே தேய்ந்த செருப்பு. அவன் பாடம் எடுத்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டே உயிரை எடுத்தவள்.

"நீங்கதான் சார் முதல்ல எடுக்கணும். உங்ககிட்ட படிச்சதுதானே எல்லாம்."

எடுத்தான். வாயில் போட்டதும் கரைந்தது. நன்றாக வேறு இருந்துதொலைத்தது.

*

அன்றிலிருந்து பிரணவுக்கு அவளுடைய திட்ட அறிக்கையைத் தவிர வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் படித்தான். பல் தேய்க்கும்போதுகூடப் படித்தான். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினான். தேடத் தேட, ஓட்டைக்குப் பதிலாக ஓர் அழகு கண்ணில் பட்டது. அதுதான் அவனை அதிகமாக எரித்தது.

பழைய நிழலூருக்குத் தலைவலி தெரியாது. காரணம் எளிது. தலைவலிக்காரி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வேலைக்குப் போகாதவள் என்றால் லீவும் போடுவதில்லை. அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவாள், அவ்வளவுதான். தடயமே இல்லை. தடயமில்லாத வலிக்கு இயந்திரம் போட்ட விலை பூஜ்யம். இத்தனை வருடமும் பெண்களின் நாள்பட்ட நோய்களுக்குப் பணம் வராததற்கு அந்தப் பூஜ்யம்தான் காரணம். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கணக்கில் வந்தால்தானே சொல்வதற்கு.

சம்யுக்தா அந்தப் பூஜ்யத்தை உடைத்த விதம் இதுதான்: அவள் பெண்ணை விட்டுவிட்டு மிக்ஸியைப் பார்த்தாள்.

வீட்டு மீட்டருக்கு எந்தச் சாமான் எப்போது ஓடுகிறது என்று தெரியும். 2061-லும் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை விட்டால் வேறு வழி வரவில்லை. தலைவலி பிடித்த காலையில் அந்தச் சத்தம் மண்டைக்குள் துளை போடும். மிக்ஸி ஓடாது. ஜன்னல் திரை திறக்காது. அந்த வீட்டுப் பிள்ளை டப்பா இல்லாமல் பள்ளிக்குப் போகும், புருஷன் வெளியே சாப்பிடுவான், வரவேண்டிய வருமானம் வராமல் போகும், எழுத வேண்டிய பரீட்சை எழுதப்படாமல் போகும். மிக்ஸி ஓடாத காலைகளை எண்ணினால் போதும், அதுவரை கண்ணுக்கே தெரியாத வலி ஊர் ஊராக விரிந்து நின்றது.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை, என்று கேட்டுக்கொண்டான் பிரணவ். பிறகு வேறொன்று கேட்டான். ஹாஸ்டலில் வளர்ந்து, இன்றைக்கும் மெஸ் சாப்பாடு சாப்பிடுகிற ஒருத்திக்கு மிக்ஸியைப் பற்றி என்ன தெரியும்?

அதற்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் ஓட்டை கிடைத்துவிட்டதாக நினைத்தான். தன் வீட்டிலும்தான் பல காலைகளில் மிக்ஸி ஓடுவதில்லை. அதனால் என்ன நஷ்டமாகிவிட்டது? அவன் உயரவில்லையா? வீடு நடக்கவில்லையா?

எதிர்ப்பு சொல்ல நிதியத்தில் ஒரு விதி இருந்தது. நிழலூர் பொய் சொல்கிறது என்பவன், அதைத் தன் சொந்த வீட்டில் காட்ட வேண்டும். முன்பெல்லாம் எதிர்க்க வருகிறவர்கள் அடுத்தவர் வீட்டைப் பற்றியே அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு மனிதன் உறுதியாக அறிந்த வீடு அவன் வீடு மட்டும்தான் என்று கொண்டுவந்த விதி அது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் சம்மதத்துக்குக் கட்டைவிரல் வைக்க வேண்டும். பிறகு, விசாரணையில் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும்.

பிரணவுக்கு இதைவிட வசதியான விதி வேறில்லை.

*

இலக்கியா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவனும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே நாளில் நிழலூரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கணக்கில் அவள்தான் முதல். நிழலூரின் முதல் தெருவைக் கட்டிய மூன்று பேரில் ஒருத்தி. கல்யாணமான மறுவருடம் வேலையை விட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டாள் என்பான் பிரணவ், யார் கேட்டாலும். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது.

கல்லூரியில் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அம்மா எதிரில் 'ஏங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த 'ஏங்க' அப்படியே நின்றுவிட்டது.

அவன் விஷயத்தைச் சொன்னான். சம்யுக்தா ஊரை ஏமாற்றுகிறாள், நம் வீட்டை வைத்தே அதை உடைத்துக் காட்டப் போகிறேன் என்றான். உனக்கும் அவ்வப்போது தலைவலி வரும்தானே, அதனால் நமக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லையே என்றும் சொன்னான். இலக்கியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ்வப்போதா?"

"சரி, அடிக்கடி. என்ன இப்ப?"

"நிச்சயமாப் பார்க்கணுமாங்க?"

"நம்ம வீட்ல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு இலக்கி?"

அவள் சிரித்த மாதிரி இருந்தது. பீன்ஸ் ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு, அவன் நீட்டிய போனில் கட்டைவிரலை வைத்தாள்.

*

நிழலூர் திரையில் முகங்கள் இருக்காது, புள்ளிகள்தான். பிரணவ் ஒரு நீலப் புள்ளி, இலக்கியா ஒரு மஞ்சள் புள்ளி. முதலில் இருப்பதை இருக்கிறபடியே ஓட்டினான் ஸ்டீபன். மிக்ஸி ஓடாத காலைகளில் மஞ்சள் புள்ளி பின்னறையில் கிடந்தது. நீலப் புள்ளி அலுவலகக் கேன்டீனில் இருந்தது. கேன்டீன் பொங்கல் நன்றாக இருக்கும், அதனால்தான் அங்கே சாப்பிடுகிறேன் என்று பிரணவ் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். பொங்கல் நாட்களும் மிக்ஸி ஓடாத நாட்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருந்ததைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இதெல்லாம் சரிதான். மேல போ."

"இப்ப மருந்தைக் குடுக்கறேன் சார். உங்க கல்யாண வருஷத்துல. ஆயிரம் தடவை ஓடும். அதுல எது அதிகமா நடக்குதோ அதைக் காட்டும்."

இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு மஞ்சள் புள்ளி பின்னறையிலிருந்து எழுந்தது.

எழுந்தது மட்டுமல்ல, நடந்தது. மறுவருடம் அது வேலையை விடவில்லை. காலையில் இரண்டு புள்ளிகளும் ஒரே பஸ்ஸில் ஏறின. ஸ்டீபன் முதலில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். போகப் போகக் குரல் இறங்கியது. எட்டாவது வருடத்தில் மேடம் நிழலூரின் துணைத் தலைவர். பதினான்காவது வருடத்தில் தலைவர்.

"என் பம்பு?" என்றான் பிரணவ்.

"முடிஞ்சிருச்சு சார்."

"எப்ப?"

"ஆறு வருஷம் முன்னாடியே. ஆஸ்பத்திரிகள்ல போட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, உங்க பேரும் மேடம் பேரும்."

பிரணவ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பம்புக்குள் ரத்தம் சுழலும் கணக்கில் அவன் ஆறு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தான். அந்தச் சமயத்தில் ஒரு நாள் தாள்களோடு வீட்டுக்குப் போனது நினைவு வந்தது. பின்னறை இருட்டாக இருந்தது. தொந்தரவு செய்யக்கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். தான் எவ்வளவு நல்ல புருஷன் என்று அப்போது நினைத்துக்கொண்டதும் நினைவு வந்தது.

அவளுடைய வலிக்கு ஒரு ரூபாய் போட்டிருந்தால் அவன் பம்பும் வந்திருக்கும். பதினோரு ரூபாயில் அவனுடைய மூன்றும் உள்ளே இருந்தது.

"நான் என்ன பண்றேன் அங்க?"

"இங்க மாதிரி டைரக்டர் பதவியெல்லாம் இல்லை சார். சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிடறீங்க. கடைக்குப் போறீங்க." ஸ்டீபன் தயங்கினான். "இங்க நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்கல்ல? அங்க சாப்பிடறதில்லை."

ஒரு புள்ளியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? பிரணவால் முடிந்தது. முதலில் அந்த மஞ்சள் புள்ளி மீது. இருபது வருடம் தனக்குப் பின்னால் நின்றவள், அங்கே தனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அந்த நீலப் புள்ளி மீது. கையில் காய்கறிப் பையோடு, ரத்தக் கொதிப்பு இல்லாமல், அவளுக்குப் பின்னால் நிம்மதியாகப் போகிற அந்தப் பயல் மீது.

இதை அழித்துவிடு என்றான். முடியாது என்றான் ஸ்டீபன். கட்டைவிரல் வைத்த எல்லோருக்கும் முடிவு தானாகப் போய்விடும்; மேடத்தின் போனுக்கு இந்நேரம் போயிருக்கும்.

"அதுவும் இல்லாம சார், மேடத்துக்கு இது புதுசு இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு தடவை பார்த்தாங்க."

"என் சம்மதம் இல்லாம எப்படி?"

"நீலப் புள்ளியை மறைச்சுட்டு, அவங்க பாதியை மட்டும் பார்த்தாங்க. அதுக்கு அவங்க விரல் போதும். சம்யுக்தா மேடத்தோட முதல் சோதனை வீடு உங்க வீடுதான் சார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

*

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனான். அவள் கதவைத் திறந்ததும் அடுக்கியதெல்லாம் சரிந்தது.

"மிக்ஸி யோசனை யாருது?"

"காபி போடட்டுமா?"

"இலக்கி."

"என்னுதுதான்," என்றாள் இலக்கியா.

அவள் சொன்னது இவ்வளவுதான். சம்யுக்தா ஏதோ புத்தகம் வாங்க வந்த ஒரு நாள், பின்னறை இருட்டாக இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பிக்கும், அந்த நாளில் வீட்டில் என்னவெல்லாம் நடக்காது என்று கேட்டாள். நடக்காததைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். சொல்லச் சொல்ல இலக்கியாவுக்கே கணக்கு பிடிபட்டது. பிறகு நல்ல நாட்களில் போனிலேயே இரண்டு பேரும் வேலை செய்தார்கள். பெயர் போட வேண்டும் என்று சம்யுக்தா பிடிவாதம் பிடித்தாள். பணம் வந்த பிறகு பார்க்கலாம் என்று இவள் தள்ளிப்போட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவ கேட்டா. நீங்க கேட்கலைங்க."

"கேட்கலைன்னா சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, இந்நேரம் அது உங்க பேர்ல போயிருக்கும்."

அவள் கோபமில்லாமல் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல. பிரணவுக்குப் பதில் வாய்வரை வந்தது. மற்றவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிற, இருவரும் சேர்ந்து எழுதி அவன் பெயரில் மட்டும் வந்த முதல் கட்டுரை ஞாபகத்துக்கு வந்ததும் பதிலை விழுங்கிக்கொண்டான்.

மருந்து எப்போது வரும் என்று மட்டும் கேட்டான். பணம் கிடைத்தால் பத்து, பன்னிரண்டு வருடம் என்றாள். அதற்குள் தனக்கு வயதாகி, தலைவலி தானாகவே விட்டிருக்கும். நிழல் இலக்கியாவுக்குக் கிடைத்தது நிஜத்தில் வேறு யாரோ ஒருத்திக்குக் கிடைக்கட்டும் என்றாள். அந்த யாரோ ஒருத்தி மீதும் பிரணவுக்குப் பொறாமையாக இருந்தது. அது இலக்கியாவுக்காக வந்த பொறாமை என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

*

மறுநாள் விசாரணை. காலையில் எழுந்தபோது பின்னறைத் திரை மூடியிருந்தது.

இருபது வருடத்தில் எத்தனையோ முறை செய்ததைப்போலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டான். வாசலில் நீலப் புள்ளி ஞாபகம் வந்தது. கேன்டீன் பொங்கலை நோக்கி நகர்கிற அந்த நீலப் புள்ளி.

செருப்பைக் கழற்றினான். தேங்காயை உடைத்தால் சத்தம் வரும் என்று, உடைத்து வைத்திருந்த பாதி மூடியைத் தேடி எடுத்துத் துருவினான். மிக்ஸியைப் பார்த்தான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு, ஒயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, படியிறங்கிக் கார் ஷெட்டுக்குப் போனான். வண்டிக்குச் சார்ஜ் போடும் பிளக்கில் மாட்டி, மேலே பழைய கம்பளியைப் போர்த்தி, உள்ளே ஒரு கையை விட்டு அழுத்திக்கொண்டு அரைத்தான். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்று பார்த்தார். எதையோ கழுத்தை நெரித்துக் கொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

உப்பு அதிகமாகிவிட்டது. தாளிக்கவில்லை, அந்த வாசனையும் அவளுக்கு ஆகாது. இட்லியோடு தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"மிக்ஸி சத்தமே கேட்கலையே," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ஷெட்ல வெச்சு அரைச்சேன். கம்பளி போட்டு மூடி."

அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள். சிரித்தால் தலை இன்னும் வலிக்கும் என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"போச்சு. இன்னிக்கு எனக்குத் தலைவலி இல்லைன்னு நிழலூர்ல பதிஞ்சிருக்கும்."

பிரணவ் கையில் விண்ட இட்லி அப்படியே நின்றது.

மிக்ஸி ஓடிவிட்டது. மீட்டர் அதைப் பதிந்துவிட்டது. பட்டனை அழுத்தியது யார் என்று மீட்டருக்குத் தெரியாது. இதோ ஓட்டை. அவன் வாரக்கணக்காகத் தேடிய ஓட்டை, நிஜமான ஓட்டை. வலி இருக்கும்போதே மிக்ஸி ஓடலாம் என்றால் சம்யுக்தாவின் கணக்கு முழுவதும் சந்தேகத்துக்குரியது. விசாரணையில் இதை எழுப்பினால் திட்டத்தை மறுபரிசீலனைக்கு அனுப்புவார்கள், அது வருடக்கணக்கில் இழுக்கும். பணம் அதுவரை காத்திருக்காது. அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அடுத்த பெயர் அவனுடையது.

அவன் முகத்தை அவள் இருட்டிலேயே படித்திருக்க வேண்டும்.

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும்," என்றாள். "சம்யுக்தா பயந்தா. யாராவது கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு. நான்தான் சொன்னேன், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு."

"ஏன்?"

"அதுக்கு ஒரு ஆம்பளை போய் மிக்ஸி போட்டிருக்கணுமேடா."

டேய் திரும்பி வந்துவிட்டது. இருபது வருடம் கழித்து, உப்புக் கரிக்கும் சட்னியோடு.

விசாரணையில் என்ன சொல்லட்டும் என்று அவன் கேட்கவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

*

அரங்கு நிறைந்திருந்தது. சம்யுக்தா முதல் வரிசையில், அதே தேய்ந்த செருப்போடு. நிதியத்தின் செயலாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பிரணவை எழுந்து நிற்கச் சொன்னார். சொந்த வீட்டுச் சோதனை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றான். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நிழலூர் பொய் சொன்னதா?

"இல்லைங்க. நான் நினைச்சதைவிட உண்மையா சொல்லுச்சு."

அரங்கில் சலசலப்பு. அப்படியானால் கணிப்பில் குறையே இல்லை என்கிறீர்களா என்று செயலாளர் கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் அவன் பஸ்ஸில் வரும்போது கேட்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வந்தான்.

"குறை இருக்குங்க."

சம்யுக்தாவின் கை நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தது. பிரணவ் விளக்கினான். மிக்ஸி ஓடினால் தலைவலி இல்லை என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, ஆனால் தலைவலிக்காரி படுத்திருக்கும்போதே வேறொருவர் மிக்ஸியை ஓட்டலாம், புருஷன் ஓட்டலாம். அப்போது அந்த வலி கணக்கில் வராது. செயலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். இது முக்கியமான குறையாயிற்றே என்றார். பக்கத்திலிருந்த உறுப்பினர்கள் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். மறுபரிசீலனை என்ற வார்த்தை காதில் விழுந்தது.

"அப்படிப்பட்ட வீடு எத்தனை இருக்கும், பிரணவ்?"

நிறைய இருக்கும் என்று சொன்னால் போதும். எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று சொன்னாலும் போதும். இரண்டுமே பெரிய பொய் இல்லை. பன்னிரண்டு வருடப் பம்பு கண்முன் வந்து நின்றது. முதல் வரிசையில் அந்தத் தேய்ந்த செருப்பு தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இன்னமும் எரிந்தது. பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்றது.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுங்க," என்றான் பிரணவ். "அதுவும் இன்னிக்குக் காலையிலதான்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது ஸ்டீபன். பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமெல்லாம் சிரிப்பு பரவியது. செயலாளர் அம்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு வீட்டுக்காகக் கணிப்பை மாற்ற முடியாது, அந்த வீடு பெருகினால் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்ப்பை முடித்துவைத்தார்.

பணம் தலைவலிக்குப் போயிற்று. கைதட்டினார்கள். இந்த முறை பிரணவ் எல்லோரோடும் சேர்ந்தே நிறுத்தினான்.

வெளியே படிக்கட்டில் சம்யுக்தா பின்னாலேயே ஓடிவந்தாள். நன்றி சொல்லப் போகிறாள், எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். அவள் நன்றி சொல்லவில்லை. மேடம் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். படுத்திருக்கிறாள் என்றான். ஏதாவது சாப்பிட்டார்களா என்றாள். ஓர் இட்லி சாப்பிட்டாள் என்றான்.

அவள் அவனோடு ஒரு படி இறங்கினாள்.

"உங்களைப் பார்த்தா எனக்கு ரொம்ப நாளாப் பொறாமை சார்."

"என்னைப் பார்த்தா?"

"எனக்கு அவங்க மாசத்துல நாலு போன்கால்தான் கிடைப்பாங்க. அதுவும் நல்ல நாளா இருந்தா. நீங்க இருபது வருஷமா ஒரே வீட்ல இருக்கீங்க."

மணி நாலுகூட ஆகவில்லை. வழக்கமாக அவன் ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பவன். அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கிச் சாலையைக் கடந்து, எதிர்ப்புறத்துக் காய்கறிக் கடையில் தேங்காய் வாங்க நின்றான்.